லிபரல் என்றால் யார்? ஓர் ஆங்கில அரசியல் சொல்லைச் சரியாகக் கையாள முழுமையான வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில், ஞாயிறுதோறும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘அரசு ஆலைகளைத் தனியாருக்கு விற்க வேண்டும் என்பவர்கள் அமெரிக்க லிபரல்கள். சேலம் உருக்காலைத் தொழிலாளர்கள் எதிர்ப்பது இந்தக் கொள்கையைத்தான்.’ இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. பொருள்தான் தலைகீழாகப் போய்விட்டது. அமெரிக்காவில் லிபரல் என்று சொல்லப்படுகிறவர், அரசு ஒதுங்கி நிற்கக் கூடாது, மக்களுக்காகக் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிற ஆள். உருக்காலை விஷயத்தில் அவர் பெரும்பாலும் தொழிலாளர் பக்கம்தான் நிற்பார்.

நான் அடிக்கோடு போட்டதும் அவள் கேட்டாள்: “சார், தமிழ்ல தாராளவாதின்னுதானே போட்டிருக்கு? தாராளமயம்னா தனியார்மயம்தானே?”

நியாயமான கேள்வி. 1991இல் நரசிம்ம ராவ் பிரதமராகவும் மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் இருந்தபோது வந்த பொருளாதார மாற்றத்துக்கு நாம் வைத்த பெயர் தாராளமயமாக்கல். அன்றிலிருந்து ‘தாராள’ என்று எந்த அரசியல் சொல் தொடங்கினாலும் நம் காதில் தனியார்மயம் என்றே விழுகிறது. ஆக, ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, அந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து பொருள் பிடித்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுதும்போது ஆள் எதிர் அணிக்குப் போய்விடுகிறார். இந்த ஒரு சொல்லில் வருஷா வருஷம் மாணவர்கள் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். அதனால் படிப்படியாக எழுதி வைக்கிறேன்.

முதல் படி: அரசியலா, சாதாரணப் பேச்சா என்று பாருங்கள்

லிபரல் என்ற சொல்லை நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது அரசியலில் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது, “இந்த வருஷம் பேப்பரை லிபரலா திருத்தியிருக்காங்க” என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதில்தான். கை தாராளமாக, கெடுபிடி இல்லாமல் என்று பொருள். இதுதான் சொல்லின் பழைய பொருளும்கூட. லத்தீனில் லிபெர் என்றால் சுதந்திரமானவன், யாருக்கும் அடிமை இல்லாதவன். அவனுக்குத் தகுந்தது லிபராலிஸ். அதிலிருந்து கொடைத்தன்மை, பெருந்தன்மை என்ற பொருளெல்லாம் வந்தது. லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு என்பதும் சுதந்திரமான மனிதனுக்கு ஏற்ற கல்வி என்ற பொருளில் வந்த பெயர்தான். அதற்கும் ஓவியம், நடனத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரு கட்சிக்கு ஆதரவான கல்லூரி என்றும் அர்த்தம் இல்லை.

சன்ஸ்கிரீன் குழாயில் ‘அப்ளை லிபரலி’ என்று போட்டிருப்பார்கள். நிறையத் தடவுங்கள் என்று பொருள். லிபரலி என்று வினையடையாக வந்துவிட்டாலே பெரும்பாலும் அங்கே அரசியல் இல்லை. ‘லிபரல் வித் ஹிஸ் மணி’ என்றால் பணத்தில் கை நீளமானவர். ‘லிபரல் இன் ஹெர் வியூஸ்’ என்றால் கருத்துகளில் இறுக்கம் இல்லாதவர். வித் வந்தால் கொடை, இன் வந்தால் மனப்போக்கு. இந்த ஒரு சின்னச் சொல்லை மாற்றினால் வாக்கியமே மாறிவிடும்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லைப்ரரி பழக்கத்தில் ‘லைபரல்’ என்று வாசிக்கிறவர்கள் உண்டு. லிபரல்தான் சரி, அழுத்தம் முதல் அசையில். லிப்ரல் என்று இரண்டு அசையாகச் சொன்னாலும் தவறில்லை.

இரண்டாம் படி: எந்த நாடு?

அரசியல் பொருள்தான் என்று உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. லிபரல் என்பது கட்சிப் பெயராக முதலில் வலுப்பெற்றது ஸ்பெயினில். 1812இல் காதிஸ் நகரில் அரசியல் சட்டம் எழுதி, மன்னரின் வரம்பற்ற அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டவர்களை அங்கே லிபெராலஸ் என்றார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மன்னர், தேவாலயம், பிரபுக்கள் ஆகியோரின் பிடியிலிருந்து தனிமனிதனை விடுவிப்பது என்பதுதான் மூலக் கருத்து. அங்கே தொடங்கி ஒவ்வொரு நாட்டிலும் சொல் ஒவ்வொரு திசையில் நடந்திருக்கிறது.

பிரிட்டனில் லிபரல் கட்சி 1859இல் உருவானது. நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டன் காலத்தில் தடையற்ற வணிகமும் சிக்கனமான அரசும் அதன் அடையாளங்கள். அதே கட்சிதான் 1908இல் முதியோர் ஓய்வூதியத்தையும் 1911இல் தேசியக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. வறுமையில் கிடப்பவனுக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது என்ற கேள்வி உள்ளே வந்துவிட்டது. இன்றைய லிபரல் டெமாக்ரட் கட்சி 1988இல் ஓர் இணைப்பில் பிறந்தது. அதைக் கிளாட்ஸ்டனின் கட்சி என்று அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் அந்த இரண்டாவது போக்குதான் வென்றது. 1933இல் பதவிக்கு வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பெருமந்தக் காலத்தில் அரசு வேலை கொடுக்க வேண்டும், ஓய்வூதியம் தர வேண்டும் என்ற தன் திட்டத்தை லிபரல் என்று அழைத்துக்கொண்டார். அவருக்கு முன்னிருந்த ஹூவர், அரசு தலையிடாமல் இருப்பதுதான் உண்மையான லிபரல் கொள்கை என்று வாதிட்டார். சொல் ரூஸ்வெல்ட் பக்கம் போய்விட்டது. இன்றுவரை அமெரிக்க ஆங்கிலத்தில் லிபரல் என்றால் டெமாக்ரடிக் கட்சிப் பக்கம், கன்சர்வேடிவ் என்றால் ரிபப்ளிகன் பக்கம். ஆனால் அங்கே நாடு தழுவிய பெரிய லிபரல் கட்சி என்று ஒன்று கிடையாது. ஆகவே ‘அமெரிக்காவின் லிபரல் கட்சி’ என்று எழுதினால் அந்த இடத்திலேயே மதிப்பெண் போகும்.

ஆஸ்திரேலியாவில் நேர் எதிர். அங்கே லிபரல் கட்சிதான் வலதுசாரிப் பெரிய கட்சி, லேபர் கட்சியின் எதிரணி. அங்கே போன நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் தேர்தலில் குழம்பிப்போவது இதனால்தான். கனடாவில் லிபரல் கட்சி நடுவிலிருந்து சற்று இடப்பக்கம். ஜெர்மனியில் லிபரல்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் கட்சியை. ஜப்பானில் 1955இல் உருவான லிபரல் டெமாக்ரடிக் கட்சி, பெயரில் லிபரல் இருந்தாலும் பழமைவாதக் கட்சி. ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி நடத்திய லிபரல் டெமாக்ரடிக் கட்சி தீவிர தேசியவாதக் கட்சி.

மூன்றாம் படி: எந்த ஆண்டு?

இதற்கு எடுத்துக்காட்டு தேடி லண்டன் போக வேண்டாம். நம் சேலமே போதும்.

1916 நவம்பரில் சென்னையில் தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோர் தொடங்கிய இயக்கத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழ் 1917இல் வந்தபின் ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்ற பெயர்களே நிலைத்துவிட்டன. தமிழில் அதன் முழுப்பெயரைக் கவனியுங்கள்: தென்னிந்திய நல உரிமைச் சங்கம். லிபரல் என்ற சொல்லுக்கு அன்று எழுதியவர்கள் தாராளம் என்று போடவில்லை. நலமும் உரிமையும் என்று போட்டார்கள். இந்தச் சொல்லுக்குத் தமிழில் வந்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மக்களின் நலனுக்காக உரிமை கேட்பவர்கள் என்ற பொருளை அது நேராகச் சொல்லிவிடுகிறது. அரசு வேலையில் எல்லாச் சமூகத்துக்கும் பங்கு கேட்டு 1921இல் வகுப்புவாரி ஆணை போட்ட ஆட்சிக்கு அந்தப் பெயர் பொருந்தவும் செய்தது.

1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நடந்த மாநாட்டில், அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பெரியார் தலைமையில் அந்தக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ஆங்கிலேய அரசு கொடுத்த ராவ் பகதூர், திவான் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது, கௌரவப் பதவிகளை விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இவற்றை ஏற்காத பி.டி. ராஜன் அணி ஜஸ்டிஸ் கட்சி என்ற பழைய பெயரிலேயே தொடர்ந்தது. மற்றவர்களுக்கு லிபரல் என்ற ஆங்கிலப் பெயர் சேலத்தோடு முடிந்தது.

அதே 1944இல் உலகின் வேறு இரண்டு இடங்களில் என்ன நடந்தது என்பதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். நியூயார்க்கில் ஆடைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் டூபின்ஸ்கி போன்றவர்கள், கம்யூனிஸ்டுகளோடு ஒத்துப்போகாமல் பிரிந்து வந்து லிபரல் கட்சி தொடங்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்டை ஆதரித்தார்கள். அக்டோபரில் கான்பெராவில் ராபர்ட் மென்சிஸ், லேபர் கட்சிக்கு எதிரான அமைப்புகளையெல்லாம் கூட்டி, தன் புதுக் கட்சிக்கு லிபரல் என்று பெயர் வைத்தார். ஒரே ஆண்டில் தொழிற்சங்கத் தலைவர்கள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள், தொழிற்சங்கக் கட்சியை எதிர்ப்பவர் சூட்டிக்கொள்கிறார், சேலத்தில் சுயமரியாதைக்காரர்கள் அதைக் கழற்றி வைக்கிறார்கள். இந்த மூன்று வரியும் பலகையில் இருக்கும்போது, எந்த நாடு, எந்த ஆண்டு என்று நான் ஏன் நச்சரிக்கிறேன் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

இதோடு இன்னொரு குழப்பம். 1918இல் காங்கிரசிலிருந்து பிரிந்த மிதவாதிகள் தொடங்கியதும் ஒரு லிபரல் ஃபெடரேஷன்தான். சுரேந்திரநாத் பானர்ஜி, தேஜ் பகதூர் சப்ரூ, நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஆகியோர் அதில் இருந்தவர்கள். முந்தையதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்திய வரலாற்று நூல்களில் ‘தி லிபரல்ஸ்’ என்று 1920களைப் பற்றி வந்தால் அது பெரும்பாலும் சாஸ்திரியாரின் அணியைத்தான் குறிக்கும்.

நான்காம் படி: பெரிய ‘எல்’ எழுத்தா, சின்ன ‘எல்’ எழுத்தா?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் இதில் நாம் அசிரத்தையாக இருந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெரிய எல் போட்டால் ஒரு கட்சி, அதன் உறுப்பினர். சின்ன எல் போட்டால் ஒரு மனப்போக்கு. ஆஸ்திரேலியாவில் இது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. லிபரல் கட்சிக்குள் சமூக விஷயங்களில் மிதமான கருத்து உள்ளவரை ‘ஸ்மால் எல் லிபரல்’ என்கிறார்கள். ஒருவர் பெரிய எல் லிபரலாக இருந்துகொண்டு சின்ன எல் லிபரலாக இல்லாமல் இருக்கலாம். வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே லிபரலை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். சின்ன யோசனைதான், ஆனால் பெரிய தலைவலியைத் தடுக்கும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஷீ இஸ் எ லிபரல்’, பலர் என்றால் லிபரல்ஸ். பெயரடையாக வந்தால் ‘ஷீ இஸ் லிபரல்’ என்று எ இல்லாமல். முதலாவது அவர் எந்த அணி என்று சொல்கிறது, இரண்டாவது அவர் சுபாவத்தைச் சொல்கிறது. சோஷலிஸ்ட் மாதிரி லிபரலிஸ்ட் என்று எழுத வேண்டாம். லிபரலிசம் என்ற கொள்கைப் பெயருக்கு முன்னால் தி சேர்ப்பதும் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஐந்தாம் படி: சொந்தக்காரச் சொற்களைப் பிரித்து வையுங்கள்

லிபரலைசேஷன் என்பது கட்டுப்பாட்டைத் தளர்த்துவது. 1991 மாற்றம் அந்த வகை. அதைச் செய்தவர் எல்லாம் அமெரிக்கப் பொருளில் லிபரல் ஆகிவிட மாட்டார்.

நியோலிபரல் என்பது வேறு. தனியார்மயம், குறைந்த வரி, குறைந்த அரசு என்று போகும் போக்கை அதன் விமர்சகர்கள் இப்படி அழைக்கிறார்கள். பிரிட்டனின் தாட்சர், அமெரிக்காவின் ரீகன் இருவர் பெயரும் அதனோடு சேர்ந்தே வரும். சேலம் உருக்காலையைத் தனியாருக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து 2019இல் தொழிலாளர்கள் போராடினார்கள் அல்லவா? அந்தப் பக்கத்தவர்கள் மேடையில் நவதாராளவாதம் என்று சொல்வது இதைத்தான். என் மாணவிக்கு வேண்டியிருந்த சொல்லும் இதுதான். நியோ என்ற இரண்டு எழுத்து விட்டுப்போனதில் அவள் கட்டுரை கவிழ்ந்தது. யாரும் தன்னை நியோலிபரல் என்று சொல்லிக்கொள்வது அபூர்வம் என்பதையும் மனதில் வையுங்கள். அதை எழுதினாலே நீங்கள் விமர்சனம் செய்கிறீர்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

லிபர்டேரியன் என்றால் அரசே கூடியமட்டும் வேண்டாம் என்பவர். லிபரல் டெமாக்ரசி என்பதில் லிபரல் எந்தக் கட்சியையும் குறிக்காது. தேர்தலோடு சேர்த்து நீதிமன்றம், பத்திரிகை, சிறுபான்மையோர் உரிமை எல்லாம் பாதுகாக்கப்படும் ஆட்சிமுறை அது. ஹங்கேரியில் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் 2014இல் இல்லிபரல் அரசு கட்டப்போவதாகச் சொன்னபோது அவர் விலக்கியது இந்தப் பொருளைத்தான்.

ஆறாம் படி: சொல்பவர் யார்?

1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ், எதிர்த்து நின்ற டுகாகிஸை லிபரல் என்று சொல்லிச் சொல்லியே அடித்தார். அது உச்சரிக்கவே கூசுகிற சொல் என்பதுபோல் ‘எல்-வேர்ட்’ என்று பேச்சாகிவிட்டது. இன்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தச் சொல் வசவாக வருகிறது. ஒருவர் தன்னைத் தானே லிபரல் என்று சொல்லிக்கொண்டால் அப்படியே எழுதலாம். எதிராளி வைத்த பெயர் என்றால், இன்னார் இவரை அப்படி அழைக்கிறார் என்று எழுதுங்கள். இதில் நான் கறார். ஒருவர் நினைக்காததை அவர் நெற்றியில் ஒட்டக் கூடாது.

ஏழாம் படி: ஆளுக்குச் சொல் பொருந்துகிறதா என்று உரசிப் பாருங்கள்

வகுப்பில் இதற்கு ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருப்பதை ‘லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்’ என்று சாடினார். இதை வைத்து ஆங்கிலத்தில் அவரைக் கிளாசிக்கல் லிபரல், அதாவது அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற பழைய பொருளில் லிபரல், என்று எழுதலாம். அமெரிக்க வாசகருக்கு வெறும் லிபரல் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

சரி, அதே ராஜாஜி 1937இல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில். கடைக்கு அனுமதி கேட்பதே தப்பு என்றவர், குடிப்பதை அரசாணை போட்டுத் தடுக்கிறார். லிபரல் செய்கிற வேலையா இது என்று ஒரு மாணவர் கேட்டார். பிரிட்டனில் கிளாட்ஸ்டன் கால லிபரல் கட்சிக்கு மது எதிர்ப்பு இயக்கம் பெரிய பலமாக இருந்ததைச் சொன்னேன். அந்தக் கால அளவுகோலில் முரண் இல்லை. அப்புறம் 1953 கல்வித் திட்டம். அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் பார்வையில் அவர் பழமைவாதி. ஆனால் தன் மகளைக் காந்தியின் மகன் தேவதாசுக்குச் சாதி கடந்து 1933இல் மணம் முடித்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவரை ஒற்றைச் சொல்லில் அடைக்கப் பார்ப்பதைவிட, ‘பொருளாதாரத்தில் இப்படி, இந்தச் சட்டத்தில் இப்படி’ என்று இரண்டு வாக்கியம் எழுதுவது மேல். தேர்வில் நேரம் இல்லை என்பார்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

எட்டாம் படி: சொல்லை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள்

வாக்கியத்திலிருந்து லிபரலை அடித்துவிட்டு, அவர் எதை ஆதரிக்கிறார் என்று எழுதுங்கள். ‘ஓய்வூதியத்தை அரசு தர வேண்டும் என்பவர்’, ‘இறக்குமதி வரி வேண்டாம் என்பவர்’ என்று எழுத முடிந்தால் உங்களுக்கு விஷயம் தெரிகிறது. அதன்பின் லிபரலை மறுபடி வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எழுத முடியவில்லை என்றால் புத்தகத்துக்குத் திரும்புங்கள். தமிழில் எழுதும்போதும் இதே வழிதான். அமெரிக்கச் செய்தி என்றால் நான் தாராளவாதி என்பதைத் தவிர்த்து லிபரல் என்றே எழுதி, முதல் முறை மட்டும் அரை வரியில் விளக்கிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவி கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தாள். உருக்காலை வரியில் நியோலிபரல் வந்திருந்தது, ‘தொழிற்சங்கங்கள் அப்படி அழைக்கும்’ என்ற குறிப்போடு. கூடவே சேலம் மாநாட்டைப் பற்றிப் புதிதாக ஒரு பத்தி. சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன் என்று பெரிய எல் போட்டிருந்தாள், 1944 என்று ஆண்டும் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் மாநாட்டுக்கு வந்தவர்களை ‘தி லிபரல்ஸ்’ என்று எழுதியிருந்தாள்.

“கட்சிப் பெயர்ல லிபரல் இருக்கே சார், இது சரிதானே?” என்றாள்.

அப்படி எழுதினால் படிப்பவர் சீனிவாச சாஸ்திரியின் ஆட்கள் சேலத்தில் கூடினார்கள் என்று எடுத்துக்கொள்வார், நீதிக்கட்சிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் வேறு என்றேன். பேனாவை வாங்கி அடித்துவிட்டு, அதன் மேல் ‘ஜஸ்டிசைட்ஸ்’ என்று எழுதிக்கொண்டாள்.